போட்டோல நிக்கிற நீல வண்டி

இல்லண்ணா, செல்போன இன்னும் கொஞ்சம் கிட்ட காட்டுங்க. வெயில் அடிக்குது, ஒண்ணியும் தெரில. ஆங், இப்ப தெரியுது. இது பி.ஆர்.இசட்டு.

ஆளையா கேட்டீங்க? ஐயய்ய, நான் வண்டிய சொல்லிட்டேன். ஆளு தானியேல் பையன்தான், அதுல சந்தேகமே வேணாம். கூலிங்கிளாஸ் மாட்டிக்கினு, நீல கார்ல சாஞ்சிக்கினு, இந்த உத்திரமேரூர்ல வேற எவன் போட்டோ புடிப்பான். கார் அவங்களுது இல்லண்ணா. அது அங்க நிக்கவே இல்ல. போன்லயே வெட்டி ஒட்றது. மெய்யான வண்டி ஜப்பான்ல கீது.

குந்துங்க, ஏன் நின்னுக்கினே கீறீங்க. நாலு இட்லி வெக்கறேன். ஹெல்மெட்ட கழட்டிட்டு சௌரியமா குந்துங்க. வேணாமா? ஹெல்மெட் போட்டுக்கினே நாஷ்டா துன்ற ஆள இப்பதாண்ணா பாக்கறேன். சரி, உங்க இஷ்டம். வாய் தெரியுதில்ல, அது போதும்.

எங்கருந்து வரீங்க? மானாம்பதியா. சரி சரி. பொண்ணுக்கு தூரத்து சொந்தம். சொம்மா இந்த பக்கம் வந்தீங்க, அப்டியே மாப்ள பையன பத்தி ரெண்டு வார்த்த கேட்டுக்கினு போலாம்னு. தப்பே இல்ல. பொண்ணு குடுக்கறவங்க விசாரிக்கத்தான் வேணும். எல்லாரும் அப்டித்தான், மொதல்ல சலூன்ல கேப்பாங்க, அப்பால இஸ்திரி வண்டில கேப்பாங்க, கடசில என் இட்லி கடைக்கு வருவாங்க. சலூன்ல இன்னா சொன்னான்? முடிய பத்தி எதுனா சொன்னானா? ஒண்ணும் சொல்லலையா. நல்ல பையன் அவன்.

எனக்கு எவ்ளோ தெரியுமாவா? அவங்க வூடு என் கடைக்கு பின்னாடியேதான் கீது. அங்க தும்முனா இங்க சட்னில விழும். தானியேலு சென்ட்ரிங் வேல. வாய தொறந்து ஒரு வார்த்த பேச மாட்டாரு. அவரு பொண்டாட்டியா? ம்... நல்ல மனுசிதான். கொஞ்சம் வாய் ஜாஸ்தி. மனசுல ஒண்ண வெச்சிக்கினு இருக்க தெரியாது அதுக்கு.

ரெண்டு பசங்க. பெரியவன் ஜான்சன், சின்னவன் வசந்த்குமாரு. நீங்க கேட்டு வந்தது பெரியவன. தெரியும்ணா, கருவாட்டுக்கார அம்முலுதானே எடம் சொன்னது? அது கருவாடு குடுக்கற வூட்ல எல்லாம் பையன் கீறானா பொண்ணு கீதான்னு கேட்டு வெச்சிக்கும். ஞாயித்துக்கெயம சர்ச்சு முடிஞ்சி இவங்க பொண்ணு பாக்க மானாம்பதிக்கு வராங்க. பாத்தீங்களா, அது வரைக்கும் எனக்கு தெரியுது.

பெரியவன பத்தி சொல்லணும்னா மொதல்ல இந்த வண்டிய பத்தி சொல்லணும். இல்லண்ணா, அவசியம்தான். இத்த தெரிஞ்சிக்காம அந்த வூட்ல பொண்ணு குடுக்கவே கூடாது. சாம்பார் ஊத்தட்டா?

அதாவது ஜப்பான்ல ரெண்டு கம்பெனி. ஒண்ணு சுபாரு, இன்னொண்ணு டொயோட்டா. ரெண்டு பேரும் கூட்டு சேந்து ஒரு வண்டி செஞ்சாங்க. ஒரே பேக்டரி, ஒரே எஞ்சினு, ஒரே கதவு, ஒரே கூரை. எல்லாம் செஞ்சி முடிச்சிட்டு சுபாருகாரன் அவன் வண்டிக்கு பி.ஆர்.இசட்னு பேரு வெச்சான், டொயோட்டாகாரன் எய்ட்டி சிக்ஸ்னு வெச்சான். அவ்ளோதான் சமாச்சாரம். இதுக்கு எங்க தெருவுல நடக்கற சண்டைய நீங்க பாக்கணும். பெரியவன் பி.ஆர்.இசட்டு கட்சி, சின்னவன் எய்ட்டி சிக்ஸ் கட்சி. பெரியவனுக்கு நீல கலரு, சின்னவனுக்கு செவப்பு. டீ ஷர்ட்டுல இருந்து பல் வெளக்கற பிரஷ்ஷு வரைக்கும் அப்டித்தான். எலக்‌ஷன்ல கூட அந்த வூட்ல இவ்ளோ பேஜார் ஆனதில்ல.

வித்யாசமா? நல்லா கேட்டீங்க. மூஞ்சி மட்டும்தான் வேற. ஒண்ணு வாய ஒரு தினுசா வெச்சிக்கினு கீது, இன்னொண்ணு இன்னொரு தினுசு. பின்னாடி போய் நின்னீங்கன்னா எயுத்து கூட்டி படிச்சாதான் எதுன்னு தெரியும். முன்னாடிதாண்ணா எல்லாம். இத்த ஞாபகம் வெச்சிக்கங்க.

அப்பால ஸ்பிரிங்கு. பி.ஆர்.இசட்டுக்கு முன் ஸ்பிரிங்கு கெட்டியா கீதாம். வளைவுல சொன்ன பேச்சு கேட்டுக்கினு போவுமாம். எய்ட்டி சிக்ஸு பின்னாடி சர்ருனு வழுக்குமாம், இடுப்ப ஆட்டிக்கினு. அதுலதான் சொகம் கீதுன்றான் சின்னவன். வழுக்கி உழறதுல இன்னாடா சொகம்னு கேட்டா, உனக்கு சொன்னா புரியாதுன்றான். எனக்கா புரியாது. அந்த எஞ்சினே படுத்துக்கினு கீது தெரியுமா? மத்த வண்டில பிஸ்டன் மேலயும் கீயயும் குதிக்குது, இதுல படுத்த வாக்குல இந்த பக்கம் அந்த பக்கம் குத்துது. அதனால பாரம் கீய எறங்கிடுது. தண்ணி குடத்த தலைல தூக்கிக்கினு ஓடறதுக்கும் இடுப்புல வெச்சிக்கினு ஓடறதுக்கும் வித்யாசம் கீதில்ல, அதேதான். எனக்கு கார் கதவ உள்ள இருந்து தொறக்க தெரியாதுண்ணா. ஆனா பாக்சர் எஞ்சின் தெரியும். இன்னா செய்றது, தெனம் சோறு போடும்போது காதுல உழுது.

இல்ல, அவங்க வூட்ல சோறு போடும்போது. சொவுரு மெல்லிசு.

அந்த எஞ்சினு எங்க கம்பெனிதுடான்னு பெரியவன் சொல்லுவான். அதுக்கு பெட்ரோல் பீச்சறது எங்க கம்பெனிடான்னு சின்னவன் சொல்லுவான். ரசம் ஆறிப் பூடும். தானியேலு மட்டும் ரெண்டு பேர் தட்டுலருந்தும் அப்பளத்த எடுத்து துன்னுட்டு எய்ந்து போயிடுவாரு.

ஒரு தபா சர்ச்சுல ஜெபத்துக்கு சீட்டு எயுதி போட சொன்னாங்க. பெரியவன் இன்னா எயுதி போட்டான் தெரியுமா? பி.ஆர்.இசட்டுக்காக ஜெபிக்கவும், ஜான்சன். பாஸ்டர் ஐயாவுக்கு இன்னா தெரியும் பாவம். ஆண்டவரே, எங்கள் தம்பி ஜான்சனை பிடித்திருக்கும் இந்த பி.ஆர்.இசட்டு நோயை வேரோடு எடுத்து போடும்னு ஜெபம் பண்ணிட்டாரு. மொத்த சபையும் ஆமென். எல்லாரையும் உட ஜாஸ்தி சத்தமா ஆமென் சொன்னது சின்னவன்.

சிரிக்கறீங்க. சிரிங்க, அந்த வூட்டுக்கு சிரிக்கிற சம்மந்தம்தான் வேணும். இன்னும் ரெண்டு வெக்கறேன்.

குடியா? சீச்சீ. ஜான்சன் வாய்ல பன்னீர் சோடா தவிர எதுவும் போவாது. வேலையா? முட்டை லோடு ஓட்டறான். குட்டி யானை வண்டி கீதில்ல, அதுதான். இந்த ஊர்ல ஜான்சன்னு கேட்டா தெரியாது, முட்டை ஜான்சன்னு கேளுங்க. பண்ணைல ஏத்தி காஞ்சிபுரம் வரைக்கும் கடை கடையா எறக்குவான், ஒரு முட்டை விரிசல் உடாது. எல்லாம் பி.ஆர்.இசட்டு ஓட்ற நெனப்புலதான். வளைவு வருதுன்னா போதும், பாரம் கீய கீது, பாரம் கீய கீதுன்னு வாய்க்குள்ள சொல்லிக்கினே திருப்புவான். சின்னவன் திருப்புலிவனம் பக்கம் ஸ்கூல் வேன் ஓட்டறான். அவன் எய்ட்டி சிக்ஸ் நெனப்புல ஓட்டறான். புள்ளைங்களுக்கு ஒரே குஷி. அம்மாங்க மட்டும் வேன் வந்து நிக்கற வரைக்கும் கண்ண மூடிக்கினு நிப்பாங்க.

போன மய காலத்துல தானியேலு வேல செய்ற எடத்துல பலகை சறுக்கி உழுந்து கால் ஒடிஞ்சி போச்சி. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போவணும். சின்னவன் வேன எடுத்துக்கினு வந்து, நைனா ஏறு, ஜல்தியா போலாம்ன்றான். பேசவே பேசாத மனுசன் அன்னைக்கு வாய தொறந்து சொன்னாரு, நான் முட்டையோடவே போறேன்டான்னு. முட்டை தட்டுக்கு நடுவுல பாய போட்டு படுக்க வெச்சி, ரோடு பூரா பள்ளம், அந்த கால் ஒரு தபா கூட குலுங்கல. நானும் கூடத்தான் குந்திக்கினு போனேன், கைய புடிச்சிக்கினு.

அக்கம் பக்கம்னா போவாம இருப்பாங்களாண்ணா?

இத்த கேளுங்க. அந்த கார்ல பின்னாடி சீட்டு கீதாம், ஆனா மனுசன் குந்த முடியாதாம். ரெண்டு வண்டிலயும் அப்டித்தான். அவங்க அம்மா கேட்டா, ஏன்டா, வாங்குனா நான் எங்கடா குந்தறதுன்னு. சின்னவன் பட்டுனு சொல்லிட்டான், நீ பஸ்ல வந்துடும்மான்னு. பெரியவன் அப்டி இல்ல. கைல பெசஞ்ச சோறு காயற வரைக்கும் யோசிச்சான். அப்பால சொல்றான், மொதல்ல உன்ன கொண்டு போய் உட்டுட்டு, திரும்பி வந்து நைனாவ இட்டுனு போறேன்னு. இல்லாத வண்டிண்ணா. வாங்கவே போறதில்ல. அதுக்கு யோசன பண்ணி நாயம் சொல்றான் பாருங்க.

மெய்யான வண்டிய பாத்தாங்களான்னு கேளுங்க. பாத்தாங்க, ஆனா பின்னாடி. மெட்ராஸ்லருந்து எவனோ அந்த தினுசு வண்டில வேடந்தாங்கலுக்கு பறவ பாக்க வரான்னு எவனோ சொல்லிட்டான். நம்பர் பிளேட்டு வேற ஊரு, வெளிநாட்டுலருந்து எறக்குன வண்டின்னு சேதி. ரெண்டும் லீவு போட்டுட்டு ரோட்டோரம் போய் நின்னுச்சிங்க. ஊரெல்லாம் பறவைய பாக்க போவுது, இதுங்க மட்டும் ரோட்ட பாத்துக்கினு. சாயங்காலம் வரைக்கும் வரல. சரின்னு ஒரு மரத்துக்கு பின்னாடி ஒதுங்குனாங்க பாருங்க, அப்ப போச்சி வண்டி சர்ருனு. பேன்ட்ட புடிச்சிக்கினு ஓடி வரதுக்குள்ள வண்டியோட முதுகுதான் தெரிஞ்சுது. எயுத்து படிக்க முடில, ஒரே புழுதி. பி.ஆர்.இசட்டுடான்றான் பெரியவன். எய்ட்டி சிக்ஸுடான்றான் சின்னவன். கலரு சாம்பல், அதனால கலர வெச்சும் சொல்ல முடில. அன்னைக்கு ஆரம்பிச்ச சண்ட மாசக்கணக்கா ஓடுச்சி. பங்சர் கடைல கேட்டாங்க, கரும்பு ஜூஸ் கடைல கேட்டாங்க. ஜூஸ் கடைக்காரன் செவப்பா ஒரு டிராக்டர்தான் போச்சின்னு சொல்லிட்டான்.

கடசில பந்தயம் கட்டுனாங்க. காசு பந்தயம் இல்ல, அதெல்லாம் அந்த வூட்ல ஆவாது. தோத்தவன் ஜெயிச்சவனோட வண்டில சாஞ்சி நிக்கிற மேரி போட்டோ செஞ்சி, அவன் வாட்சப்புல ஒரு வாரம் வெச்சிக்கணும். தூக்கு தண்டன மேரி நெனச்சிக்கினாங்க அத்த.

சரிண்ணா, விசயத்துக்கு வரேன். குணம் சொல்லிட்டேன், வேல சொல்லிட்டேன். குறைன்னு சொன்னா... நெத்தி கொஞ்சம் அகலம். முன்னாடி. பின்னாடி நல்லா அடர்த்தியாத்தான் கீது, அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் முதுகு பக்கம் பாத்தா யாருக்கும் அடையாளம் தெரியாது. முன்னாடி மட்டும் பெரியவனுக்கு கொஞ்சம் வழி உட்டுடுச்சி. போன வருசம் ரெண்டு எடம் வந்துது. வந்தாங்க, காபி குடிச்சாங்க, பையன பாத்தாங்க, பொண்ணு மேல படிக்கணும்ன்றாளாம்னு சொல்லி அனுப்பிட்டாங்க. ஒரு பொண்ணு ஏற்கெனவே ரெண்டு டிகிரி முடிச்சிது. இன்னா படிக்க போவுதோ. அதுலருந்து அவன் வூட்டுக்குள்ளயும் தொப்பி போட்டுக்கினு கீறான். முட்டைய பாக்கற மேரி ஒரு பொண்ண பாத்துக்குவான், அந்த நெத்தி இன்னா செஞ்சிது அவங்கள?

போட்டோல முடி நெறையா கீதேன்றீங்களா.

ஆமா. போட்டோல நெறையாத்தான் கீது.

தண்ணி குடிங்க. நிதானமா குடிங்க. சொல்றேன்.

அந்த மெட்ராஸ்காரன், பறவ பாக்க வந்தவன், அவன் வண்டிய முன்னாடி நிறுத்தி புடிச்ச போட்டோவ இன்ஸ்டால போட்டிருந்தான். அத்த ஒரு பையன் தேடி புடிச்சி காட்டிட்டான். பாத்தா மூஞ்சி பி.ஆர்.இசட்டு. பெரியவன் ஜெயிச்சிட்டான். தெருவுக்கே மிட்டாய் குடுத்தான். சின்னவன் அயுதுக்கினே கூலிங்கிளாஸ் மாட்டிக்கினு, நீல வண்டில சாஞ்ச மேரி போட்டோ செஞ்சி வாட்சப்புல வெச்சிக்கினான். பந்தயம்னா பந்தயம். அதுல அவன் கரெக்ட்டான ஆளு.

அதே வாரத்துலதான் அம்முலு வந்து நிக்குது. மானாம்பதில ஒரு பொண்ணு கீது, பேரு ஏஞ்சலு, ஏனாத்தூர்ல லேப்ல வேல, பெரியவன் போட்டோவ ஜல்தியா அனுப்புன்னுது. அடுப்புல இட்லி வெந்துக்கினு கீது, கடைல ஆளு நிக்குது. கூலிங்கிளாஸ் போட்டா ரெண்டும் ஒரே மூஞ்சி, ஒரே மீசை. நீல வண்டி கீதா, அப்ப ஜான்சன். செவப்பு வண்டி கீதா, அப்ப வசந்து. இத்தினி வருசமா அப்டித்தான் கண்டு புடிக்கறது. பெத்தவ மூஞ்சிய பாத்து அனுப்ப மாட்டாளான்னுதானே கேக்கறீங்க? நான் வண்டிய பாத்து அனுப்பிட்டேண்ணா.

ஆமா. நான்தான் மார்த்தாளு. வாய் ஜாஸ்தின்னு சொன்னேன்ல.

எய்ந்துக்காதீங்க, குந்துங்க. நீங்க மட்டும் இன்னா, பொண்ணுக்கு தூரத்து சொந்தமா? ஏஞ்சலு போட்டோ எங்க வூட்லயும் கீதுண்ணா. இந்த மூக்கு அதுல கீது. நீங்க வந்து நின்னப்பவே எனக்கு தெரியும், அப்பாவே நேர்ல வந்துட்டாருன்னு. அதான் நானும் எப்டி ஆரம்பிக்கறதுன்னு தெரியாம ஜப்பான்லருந்து ஆரம்பிச்சேன்.

நேத்துதான் வெளிய வந்துது. பொண்ணுக்கு போட்டோ ரொம்ப புடிச்சிருக்குதாம்னு அம்முலு வந்து சொல்லுது, சின்னவன் அந்த போட்டோவ பாத்துட்டு, ஐயோ இது நானுன்றான். பெரியவன் ஒண்ணும் கோவப்படல. என் செல்போன வாங்கி பாத்தான். அந்த பொண்ணுக்கு புடிச்சது வசந்துன்னா அவனுக்கே பண்ணிடும்மா, பாவம் அது ஆசப்பட்டுடுச்சின்னு சொல்லிட்டு, துன்னாம எய்ந்து போயிட்டான். சின்னவன் இன்னா சொல்றான்னா, நான் எய்ட்டி சிக்ஸ் வாங்காம தாலி கட்ட மாட்டேன்றான். அது இந்த ஜென்மத்துல நடக்காது, அத்த உடுங்க. பெரியவனதாண்ணா என்னால தாங்க முடில. ஏஞ்சலு போட்டோ வந்த நாள்லருந்து முட்டை வண்டிய தெனம் கழுவிக்கினு இருந்தான். இன்னிக்கி கழுவல.

ஞாயித்துக்கெயம தொப்பியோட அவன உங்க வூட்டு வாசல்ல கொண்டாந்து நிறுத்தி, நீங்க எல்லாரும் அவன ஒரு மேரி பாத்து, அத்த அவன் பாத்துக்கினு நிக்கறதுக்கு, இங்கயே சொல்லிடலாம்னுதான் சொல்லிட்டேன். பேக்டரி ஒண்ணுதாண்ணா. எஞ்சினு ஒண்ணுதான். முன்னாடி மட்டும் கொஞ்சம் வேற. உங்களுக்கு வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க, நான் அவனுக்கு பதமா சொல்லிக்கறேன். காபி குடிச்சிட்டு அம்முலு கிட்ட சொல்லி அனுப்ப மட்டும் செய்யாதீங்க.

தோ, வண்டி வருது பாருங்க. சத்தமே இருக்காது, ஹாரன் அடிக்க மாட்டான், முட்டை பயந்துக்குமாம். அந்த பள்ளத்த எப்டி சுத்திக்கினு வரான் பாருங்க, பாத்தீங்களா, ஒரு தட்டு கூட ஆடல. டேய் ஜான்சா, தொப்பிய கழட்டிட்டு எறங்கி வாடா! ஒண்ணும் இல்ல, வாடா சொல்றேன்! அண்ணா, நீங்க அந்த ஹெல்மெட்ட கழட்டிட்டாவது அவன நல்லா பாத்துட்டு ஒரு முடிவு சொல்லுங்க. உங்கள கெஞ்சி கேட்டுக்கறேன், கழட்டுங்க.

அட.

அடடா! ஒரு முடி கூட இல்லையே! பளபளன்னு கீதே! எத்தன வருசமா இப்டி? கல்யாணத்துக்கு முன்னாடியேவா? அப்ப ஏஞ்சலு அம்மா இப்டியே பாத்துட்டுதான் சரின்னாங்களா?

ஆண்டவரே. வந்ததும் இத்த கழட்டியிருந்தீங்கன்னா நான் ஜப்பான் வரைக்கும் போயிருக்கவே மாட்டேனே. சிரிக்காதீங்க, அவன் வரான். வாடா ஜான்சா, பக்கத்துல குந்து. இன்னும் ரெண்டு இட்லி வெக்கட்டா, சம்மந்தி?